வேடன் என்னும் விமானமும் அதனை வாங்கிய நாடுகளும்



எமது பாடசாலையிற் பத்தாந் தரத்திற் கற்கும் மாணவனொருவன் போர் விமானங்களின் படங்களைச் சேர்த்துக் கொப்பியொன்றில் ஒட்டிவருகின்றான். ஒவ்வொரு படத்தின் கீழும் அவ்விமானத்தின் பெயரையும் நாட்டையும் எழுதிவைப்பது அவன் வழக்கம். அண்மையில் அக்கொப்பியுடன் எனது அறைக்கு வந்தான். ஒரே விமானத்தின் மூன்று படங்கள் அதில் இருந்தன. ஒன்றில் பிரித்தானியாவின் வட்டச் சின்னம். மற்றொன்றில் இந்தியாவின் மூவர்ணம். மூன்றாவதில் சுவிற்சர்லாந்தின் வெள்ளைச் சிலுவை. “ஐயா, இதை எந்த நாட்டு விமானம் என்று எழுதுவது?” என்று கேட்டான்.

அவ்விமானத்தின் பெயர் ஹண்டர். வேடன் என்பது அதன் பொருள். வரலாற்றை ஒரு பாடமாகக் கற்றவன் யான். விமானப் பொறியியல் அறியேன். போர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் புத்தகத்தை எறிந்துவிட்டுப் பதுங்குகுழியை நோக்கி ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவனாதலால், அவ்வகைப் படங்களை அம்மாணவன் பார்க்கும் கண்ணோடு என்னாற் பார்க்கவும் இயலாது. நமது நாடு ஹண்டரை வாங்கியதில்லை. எனினும் அவனுடைய வினா என்னை விட்டு அகலவில்லை. விற்றவன் நாடா, வாங்கியவன் நாடா, அதனை ஓட்டியவன் நாடா, எது அவ்விமானத்தின் நாடு?

ஹண்டரை வடிவமைத்தவர் சேர் சிட்னி காம். இரண்டாம் உலகப் போரிற் புகழ்பெற்ற ஹரிக்கேன் விமானமும் ஹோக்கர் நிறுவனத்தில் அவர் படைத்ததே. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்தின் மீது வருமாயின் விரைந்து மேலெழுந்து அவற்றைத் தடுப்பதற்கென ஹண்டர் உருவாக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டு யூலை 20ஆந் தேதி அது முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் நெவில் டியூக். அவரே 1953 செப்டெம்பரில் மணிக்கு 727 மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகத்திற் பறந்து உலக சாதனையொன்றை நிறுவினார். பின்னோக்கிச் சரிந்த இறக்கைகளும், றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் ஏவன் என்னும் ஜெற் எந்திரமும், மூக்கின் அடியிலே நான்கு முப்பது மில்லிமீற்றர் பீரங்கிகளும் அதன் உறுப்புக்கள். அப்பீரங்கித் தொகுதி முழுவதையும் ஒரு பெட்டி போலக் கழற்றி, குண்டு நிரப்பிய வேறொன்றைச் சில நிமிடங்களில் மாட்டிவிடலாம். பார்வைக்கு அழகான விமானம் என்பதை அதனை விரும்பாதோரும் ஒப்புவர். 1958இல் பான்பரோ விமானக் காட்சியில் இருபத்திரண்டு ஹண்டர்கள் ஒருங்கே வானில் முழுவட்டமடித்தமையை விமானப் பிரியர்கள் இன்றும் பேசுகின்றனர்.

குறைகளும் இருந்தன. தொடக்கத்திற் பீரங்கியைச் சுட்டால் அதன் புகையை உட்கொண்டு எந்திரம் தடுமாறியது. எரிபொருளும் போதிய அளவு கொள்ளாது. 1956 பெப்ரவரி 8ஆந் தேதி எட்டு ஹண்டர்கள் பயிற்சிக்குப் புறப்பட்டுச் சென்றவேளை வானிலை திடீரெனக் கெட, தரையிறங்க வழியின்றி எரிபொருள் தீர்ந்து ஆறு விமானங்கள் வீழ்ந்தன. விமானி ஒருவர் உயிரிழந்தார். பின்வந்த வகைகளில் இக்குறைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. ஆனால் விமானம் செம்மையுற்ற வேளையிலேயே அதனைப் படைத்த அரசின் எண்ணம் மாறியது. 1957இல் பாதுகாப்பு மந்திரி டங்கன் சாண்ட்ஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இனி ஆளேறும் போர் விமானங்களுக்குப் பதில் ஏவுகணைகளே போதும் என்ற போக்கிற் சென்றது. கொடுத்திருந்த கட்டளைகளில் ஒரு பகுதி இரத்தாயிற்று. ஹண்டர் படைப்பிரிவுகள் சில கலைக்கப்பட்டன.

தாயகத்தில் வேண்டாப் பொருளானதற்குப் பிறநாடுகளில் வாழ்வு பிறந்தது. சுவீடன் 120 விமானங்களையும் டென்மார்க் 30ஐயும் ஏற்கெனவே வாங்கியிருந்தன. பெல்ஜியமும் ஒல்லாந்தும் உரிமம் பெற்றுத் தாமே கட்டின. பெரு, இந்தியா, ஈராக், யோர்தான், லெபனான் என்று பட்டியல் நீண்டது. பிறகு நிகழ்ந்ததுதான் வியப்பானது. ஐரோப்பிய நாடுகள் புதிய விமானங்களுக்கு மாறியபோது, ஹோக்கர் நிறுவனம் பழைய ஹண்டர்களை மீளப் பெற்று, பிரித்துப் புதுப்பித்து, ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் மறுபடி விற்றது. ஒல்லாந்தின் வானிற் பறந்த உடல் சிலியின் சின்னந் தாங்கியது. குவைத், கட்டார், அபுதாபி, கென்யா, சிங்கப்பூர் எனப் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் பல தமது விமானப்படையின் முதல் ஜெற் சண்டை விமானமாக இதனையே பெற்றன. பிரித்தானியப் படைகள் விலகிச் செல்லவிருந்த நாளிற் சிங்கப்பூர் வாங்கிய ஹண்டர்கள் 1992 வரை சேவையில் இருந்தன. மொத்தத்தில் ஏறத்தாழ ஈராயிரம் விமானங்கள். இருபதுக்கு மேற்பட்ட விமானப்படைகள்.

இவற்றுள் சுவிற்சர்லாந்தின் கதை தனியானது. தாமே ஒரு ஜெற் விமானத்தை ஆக்க முயன்று அம்முயற்சியைக் கைவிட்ட அந்நாட்டினர், முதலில் 100 ஹண்டர்களும் பின்னர் 60ம் வாங்கினர். மலைகளைக் குடைந்து அமைத்த குகைகளில் அவற்றை மறைத்துவைத்தனர். மலையின் இரும்புக் கதவு திறக்க, உள்ளிருந்து விமானம் வெளிவரும் காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். 1994 வரை அவை பறந்தன. எவர்மீதும் ஒரு குண்டையேனும் போரில் வீசவில்லை. அதே விமானம், அதே பீரங்கி.

இந்தியா 1957 தொடக்கம் 160 ஹண்டர்களை வாங்கி, பின்னரும் பல சேர்த்தது. 1961 டிசெம்பரில் கோவாவைப் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்டபோது பம்போலிம் வானொலி நிலையத்தை அவை தாக்கின. 1965ஆம் ஆண்டுப் போரில் பாகிஸ்தானின் அமெரிக்க சேபர் விமானங்களோடு மோதின. எத்தனை வீழ்ந்தன என்பதில் இரு நாட்டு நூல்களும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. 1971 டிசெம்பர் 4ஆந் தேதி இரவு ராஜஸ்தான் பாலைவனத்து லோங்கேவாலாவில், ஏறத்தாழ 120 இந்தியப் போர்வீரர் காத்திருந்த சிறு காவலரணை நோக்கிப் பாகிஸ்தானின் யுத்த தாங்கிகள் வந்தன. ஜெய்சால்மரில் நின்ற ஹண்டர்களுக்கு இரவிற் போரிடும் கருவிகள் இல்லை. விடியும்வரை தாக்குப் பிடிப்பதே தரையிலிருந்தோர் செய்யக்கூடியதாயிருந்தது. விடிந்ததும் விமானங்கள் வந்தன. ஒதுங்க மரமோ மேடோ இல்லாத மணலில் தாங்கிகள் வளைந்து வளைந்து ஓடின. அச்சுவடுகளை மேலிருந்து எடுத்த படங்கள் பின்னர் வெளியாயின. சுருள்சுருளான கோடுகள், ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் மனிதர் சிலர்.

இனி ஒரு மனிதரின் கதை. சைபுல் அசாம் வங்காளத்திற் பிறந்தவர். பாகிஸ்தான் விமானப்படை அதிகாரி. 1965இல் இந்தியாவுக்கெதிராக சேபர் விமானத்தில் ஏறிப் போரிட்டார். அடுத்த ஆண்டு யோர்தானுக்கு ஆலோசகராக அனுப்பப்பட்டார். 1967 யூன் 5ஆந் தேதி இஸ்ரேலிய விமானங்கள் வந்தபோது யோர்தானின் ஹண்டரில் ஏறி அவர் எதிர்த்தார். அன்றே யோர்தானின் ஹண்டர்கள் ஏறக்குறைய எல்லாம் அழிந்தன. இரண்டு நாள் கழித்து, யூன் 7ஆந் தேதி, ஈராக்கின் ஹண்டரில் ஏறி மறுபடி போரிட்டார். 1971க்குப் பின் வங்காளதேசம் தோன்ற, அதன் விமானப்படையிற் சேர்ந்தார். பிற்காலத்திற் பாராளுமன்ற உறுப்பினருமானார். 2020இற் காலமானார். எனது மாணவனின் கொப்பியில் இவர் எந்த நாட்டின் கீழே வருவார்?

விமானத்தை வாங்குவது ஆட்டுக்குட்டியை வாங்குவது போன்றதன்று. விலை கொடுத்த பின்னும் கயிற்றின் மறுமுனை விற்றவன் கையிலேயே இருக்கின்றது. எந்திரத்தைக் குறித்த மணிநேரம் ஓடியபின் பிரித்துச் சீர்செய்யவேண்டும். ஆபத்தில் விமானியை வெளியே எறியும் ஆசனத்தின் வெடியுறைகளையும் காலந்தோறும் மாற்றவேண்டும். லெபனான் 1958 தொடக்கம் ஹண்டர்களை வைத்திருந்தது. உள்நாட்டுப் போரின்போது, 1983இல், நெடுஞ்சாலையின் ஒரு துண்டை ஓடுபாதையாக்கி அவற்றை இயக்கினர். பின்னர் நீண்ட காலம் அவை தரையிற் கிடந்தன. அவற்றை மீண்டும் பறக்கச்செய்ய விரும்பியபோது தடையாயிருந்தவற்றுள் ஒன்று அவ்வாசன வெடியுறைகள் கிடையாமையே. 2008 நவம்பரில் நான்கு விமானங்கள் திரும்பவும் எழுந்தன. 2014இல் அதுவும் முடிந்தது.

கயிறு எப்போதும் இழுபடும் என்றும் சொல்வதற்கில்லை. றொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி 1965இற் பிரித்தானியாவை மீறித் தானே சுதந்திரம் பிரகடனஞ் செய்தது. அதற்கு முன்னரே 12 ஹண்டர்கள் அங்கே சென்றிருந்தன. தடைகள் விதிக்கப்பட்டும் வழியும் வகையும் கண்டு பதினைந்து ஆண்டுகள் அவற்றைப் பறக்கவிட்டனர். 1977 நவம்பரில் மொசாம்பிக்கின் சிமோயோவிலிருந்த விடுதலைப் போராளிகளின் முகாம்மீது குண்டு வீசியவற்றுள் அவையும் இருந்தன. பெண்களும் பிள்ளைகளும் அங்கே மடிந்தனர். 1980இல் சிம்பாப்வே பிறந்தபோது அதே ஹண்டர்கள் அதே தளத்தில் நின்று புதிய கொடிக்கு வணக்கஞ் செலுத்தின. காகிதத்திற் போடும் தடையை யான் பெரிதாக நம்பாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியாகச் சிலி. அந்நாடு 1960களின் பிற்பகுதியில் ஹண்டர்களைப் பெற்றது. 1973 செப்டெம்பர் 11ஆந் தேதி காலை இராணுவம் ஆட்சியைக் கவிழ்க்க எழுந்தது. ஹண்டர்கள் முதலில் தாக்கியது எதனை என்று நினைக்கிறீர்கள்? அரசை ஆதரித்த வானொலி நிலையங்களின் ஒலிபரப்புக் கோபுரங்களை. ஒலிவாங்கியின் முன்னமர்ந்து இதனைச் சொல்லும்போது எனக்குச் சற்றே தொண்டை அடைக்கின்றது. எஞ்சியிருந்த ஒரு நிலையத்தின் மூலமே சனாதிபதி சல்வடோர் அயெந்தே மக்களுக்குத் தமது கடைசி உரையை நிகழ்த்தினார். நண்பகலை அண்டி, தலைநகர் சாந்தியாகோவின் நடுவே இருந்த லா மொனேடா மாளிகைமீது ஹண்டர்கள் எரிகணைகளைச் செலுத்தின. அந்நிய எதிரியெவரும் வரவில்லை. சிலியின் விமானிகள், சிலியின் விமானங்கள், சிலியின் மாளிகை. அயெந்தே அன்று உயிரிழந்தார்.

ஆறு மாதங்கள் கழித்து, 1974 மார்ச்சில், ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கில்பிரைட்டிலுள்ள றோல்ஸ் றோய்ஸ் தொழிற்சாலைக்குச் சில ஏவன் எந்திரங்கள் சீர்செய்ய வந்தன. பரிசோதகராயிருந்த பொப் புல்ற்றன் என்பவர் கடதாசிகளைப் பார்த்தார். அவை சிலி விமானப்படையின் ஹண்டர்களுக்குரியவை. “இவற்றை யான் தொடமாட்டேன்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். தொழிற்சங்கத் தோழர்கள் அவர் பக்கம் நின்றனர். எந்திரங்கள் மரப்பெட்டிகளில் முற்றத்திலே வைக்கப்பட்டன. மழையிலும் பனியிலும் நான்கு ஆண்டுகள் அங்கேயே கிடந்தன. அவற்றை வெளியே ஏற்றிச்செல்லவும் எவரும் உடன்படவில்லை. 1978 ஓகஸ்டில் ஓர் இரவு எவரோ பாரவண்டிகளைக் கொண்டுவந்து அவற்றை எடுத்துச்சென்றனர்.

தமது செயலால் எவர்க்கேனும் பயன் விளைந்ததா என்பதை அத்தொழிலாளர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். 2015இற் சிலி அரசு புல்ற்றனுக்கும் அவர்தம் தோழர் இருவருக்கும் பெர்னார்டோ ஓஹிகின்ஸ் என்னும் விருதை வழங்கியது. அப்பொழுது அவர்கள் மிக முதிர்ந்த வயதினர்.

இக்கதையை எனது மாணவனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, “ஐயா, திருத்திக் கொடுத்திருந்தால் அவர்களுக்கு அந்த வேலைக்குச் சம்பளம் கிடைத்திருக்கும் அல்லவா?” என்று கேட்டான்.

“கிடைத்திருக்கும்” என்றேன்.

கொப்பியை மூடிக்கொண்டு போனான். நாடு எழுதவேண்டிய இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.