நஞ்சு கறக்கும் கை

கறவைக்காரரின் கைப்பதத்தை எங்கள் பளைப் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கன்றைக் காட்டிப் பசுவைச் சுரக்க வைக்கும் அதே உபாயத்தைக் கடல் நத்தையிடமும் செய்திருக்கிறார்கள். கறப்பது மட்டும் நஞ்சு.

அந்த நத்தையான கூம்புச் சங்கு இலங்கைக் கடலிலும் உண்டு. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய ஓடு, அதன்மேல் கண்ணைப் பறிக்கும் கோலம். எங்கள் சுழியோடிகள் எடுத்துவரும் சங்கும் இரை பிடித்துத் தின்னும் நத்தைதான். ஆனால் அதைப் பயமில்லாமல் தூக்கலாம். கூம்புச் சங்குக்குப் பல்லே ஊசி. உள்ளே துளை, நுனியில் தூண்டில் முள். நீளும் தும்பிக்கையின் முனையில் ஒரு பல்லை ஏற்றி வைத்திருக்கும். பாய்ச்சியதும் நஞ்சு பீறிட்டு ஏறும், மீன் விறைத்துவிடும். அடுத்த குத்துக்குப் புதிய பல்.

முன்பு நஞ்சு வேண்டுமென்றால் நத்தையைக் கொன்று நஞ்சுக்குழாயை வெட்டிப் பிழிவார்கள். பிலிப்பைன்ஸ்காரரான பால்டோமெரோ ஒலிவேரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுகூடத்தில் மாணவர் ஒருவர், காற்றடைத்த ஆணுறையில் மீன்வாசம் பிடிக்க வைத்து நீட்டினார். நத்தை ஏமாந்து குத்தியது. வானொலியில் இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது! இப்போது சிறு பிளாஸ்டிக் குப்பியின் வாயில் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே மீன் செட்டைத் துண்டொன்றை வைக்கிறார்கள். முதலில் உயிர்மீனைக் காட்டுவார்கள். தும்பிக்கை நீண்டு வரும். அந்தக் கணத்தில் மீனை விலக்கிக் குப்பியை நீட்டவேண்டும். பிந்தினால் மீன் போய்விடும். விழுவது ஒரு துளிக்கும் குறைவு. கறந்து முடிந்ததும் நத்தைக்குக் கூலி அந்த மீன்தான்.

ஒலிவேராவின் ஆய்வுகூடத்தில், கோனஸ் மேகஸ் என்ற வகையின் நஞ்சில் கண்ட ஒரு புரதத் துணுக்குத்தான் சிகோனோடைட் என்ற வலிமருந்தானது. 2004 இல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. வேறு மருந்துக்கு அடங்காத வலிக்கு முள்ளந்தண்டு நீருக்குள் செலுத்துகிறார்கள். இன்று அதை இரசாயன முறையிலேயே ஆக்குவதால் நத்தை தேவைப்படுவதில்லை.

இந்தக் கைவண்ணத்தை மெச்சுகிறேன், ஆனாலும் எல்லாவற்றுக்கும் இது செல்லாது. மீன் தின்னும் வகைகளிடந்தான் நன்றாக எடுபடும். பெரும்பாலானவை புழு தின்பவை. இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் மற்ற நத்தைகளைத் தின்பது. மீனைக் காட்டி அதை மயக்க முடியாது. இன்னொன்று, கறப்பவருக்குக் கிடைப்பது நத்தை கொடுக்க நினைத்தது மட்டுமே. கோனஸ் ஜியோகிராபஸ் வகையில் வேட்டை நஞ்சும் தற்காப்பு நஞ்சும் குழாயின் வெவ்வேறு பகுதிகளில் உருவாவதை 2014 இல் கண்டறிந்தார்கள். இரை காட்டிக் கறந்தால் வருவது முதலாவது. மனிதரை வீழ்த்துவது இரண்டாவது.

சங்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர் நத்தைக்கு எதிரிதானே! இதன் குத்தால் உலகில் இதுவரை பதிவான இறப்புகள் 30க்கு மேல். முறிமருந்து கிடையாது. குத்துப்பட்ட கையை அசையவிடாமல், மூச்சைக் கவனித்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். செயற்கைச் சுவாசம் கொடுத்தால் நஞ்சின் வேகம் தணியும்வரை ஆளைக் காப்பாற்றலாம். மாமுனைப் பக்கம் கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளிடம், கோலம் போட்ட சங்கைக் கண்டால் தொடாமல் முதலில் தடியால் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.