மேல ஒருத்தர் உக்காந்திருக்கணும்

எங்க அப்பார்ட்மெண்ட் நீச்சல் குளத்துக்கு லைஃப்கார்டு கிடையாது. ஆள் போட்டா மெயின்டனன்ஸ் ஏறிடும்னு கூட்டத்துல எல்லாரும் பின்வாங்கிட்டாங்க. 'உங்கள் பொறுப்பில் குளிக்கவும்'னு ஒரு போர்டு மட்டும் தொங்குது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜவ்வாது மலை அடிவாரம்தான் ஞாபகம் வரும்.

போளூர் தாண்டி எங்க அம்மா ஊரு. கல் கட்டின, பம்ப்செட் போட்ட பாசனக் கிணறுதான் அங்க எங்களுக்கு ஸ்விம்மிங் பூல். தாத்தா காலத்துல முதுகுல சுரைக்குடுக்கை கட்டிப் பழகினாங்க, எங்களுக்குக் காலி எண்ணெய் கேன். மாமா இடுப்புல கயிறு கட்டி இறக்குவார். ஒரே ஒரு சட்டம்: எத்தனை பேர் குதிச்சாலும் ஒருத்தர் மேல, துணி நனையாம உக்காந்து தலையை எண்ணிக்கிட்டே இருக்கணும். முறை போட்டு மாறிக்குவோம்.

ஒருநாள் என் முறை. நான் எண்ணாம, வரப்புல போன பாம்பை வேடிக்கை பார்த்துட்டிருந்தேன். திரும்பி எண்ணினா ஏழு. எட்டு இருக்கணும். சத்தமே இல்ல. பெரியம்மா பையன் மூலையில தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி மேலயும் கீழயும் போய்ட்டிருந்தான். ஏதோ விளையாடுறான்னுதான் நினைச்சேன். மாமா கயிறை வீசினார், அவன் பிடிச்சுக்கிட்டான். என்னை யாரும் திட்டல. அதுதான் இன்னைக்கும் உறுத்துது.

சினிமாவுல மாதிரி 'காப்பாத்துங்க'ன்னு கத்தி முழுகுறவங்க குறைவு. மூச்சுக்கே வழியில்லாதப்ப குரல் எங்கிருந்து வரும்? உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல 2021ல மட்டும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில போயிருக்காங்க. அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் 29 வயசுக்குள்ள. அதாவது, நம்ம வயசு.

மலை மேல ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவிக்கு பைக்ல போறவங்க நிறைய பேர் இதைக் கேட்பீங்க. கிணத்துல ஆழம் எங்களுக்குத் தெரியும். அருவியில பாசி எங்க, குழி எங்கன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. மேல மழை பெஞ்சா தண்ணி திடீர்னு ஏறும். நண்பன் முழுகினா பின்னாடியே குதிக்காதீங்க, ரெண்டு பேரும் போயிடுவீங்க. துப்பட்டா, கயிறு, மூடி இறுக்கின காலி கேன், எது கிடைக்குதோ வீசுங்க. வெளியே எடுத்ததும் வயித்தை அமுக்குறது, தலைகீழா தூக்குறது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோட வாய் வெச்சு ஊதுங்க, அப்புறம் நெஞ்சுல 30 அழுத்து, 2 ஊதல்னு விடாம தொடருங்க. கூட இருக்கிறவர் 108க்கு அடிக்கட்டும். இதை ஒரு நாள் பயிற்சியா கத்துக்கிட்டா இன்னும் நல்லது.

போன ஞாயிறு குளத்து கேட்ல ஒரு கயிறும் ரெண்டு காலி கேனும் தொங்க விட்டேன். பக்கத்துல ஒரு முறைப் பட்டியல். செக்ரட்டரி சார் பார்த்துட்டு, "என்னப்பா, இது கிராமமா?"ன்னு சிரிச்சார். சாயங்காலம் போய்ப் பார்த்தா, அஞ்சு மணி கட்டத்துல அவரோட பொண்ணு பேர் எழுதியிருந்தா.