பபிள் டீயும் நம்ம ஊர் குச்சிக்கிழங்கும்

(பவானியில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நாலு வார்த்தை பேசுங்க, பத்து நிமிஷத்தைத் தாண்டாதீங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நம் எல்லோருக்கும் பழக்கமான விஷயத்தையே எடுத்துக் கொள்கிறேன். டீக்கடை.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு சங்கதி வேடிக்கையாக இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் டீக்கடை என்றால் பெரும்பாலும் அது பேக்கரிதான். "பேக்கரிக்குப் போலாமுங்களா?" என்றால் டீ குடிக்கப் போகலாமா என்று அர்த்தம். கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், முட்டை பப்ஸ், வெளியே நிற்க இடமில்லாத கூட்டம். நாம் படித்த பாடத்தில் பாதி மறந்து போயிருக்கும். பப்ஸின் சூடு மறந்திருக்காது.

போன மாதம் என் பேத்தி, "வாங்க அப்பிச்சி, பபிள் டீ குடிக்கலாம்" என்று ஒரு கடைக்கு இழுத்துப் போனாள். அதுவும் பேக்கரியோடு சேர்ந்த கடைதான். உள்ளே அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பப்ஸ். இந்தப் பக்கம் மூடி ஒட்டிய பிளாஸ்டிக் டம்ளரில் பால் டீ. அடியில் கறுப்பாகக் கோலிக்குண்டு மாதிரி உருண்டைகள். கட்டை விரல் தடிமனுக்கு ஒரு ஸ்ட்ரா. உறிஞ்சினால் டீயோடு உருண்டையும் வாய்க்குள் குதிக்கிறது. மெல்ல வேண்டும். டீயை மெல்லுவது இந்த வயதில் கொஞ்சம் சிரமம்தான். விலையைச் சொன்னால் மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவீர்கள். அந்தக் காசுக்கு நம் பழைய கோஷ்டி முழுவதும் டீ குடித்திருக்கலாம்.

ஆனால் அந்த உருண்டையை மென்றபோது, இது தெரிந்த ருசியாச்சே என்று பட்டது. கடைக்காரத் தம்பியைக் கேட்டேன். "மரவள்ளி மாவுங்க. பாக்கெட்டில் வருதுங்க" என்றார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தைவான் என்று போட்டிருக்கிறது.

இந்தப் பானம் தைவானில் 1980களில் வந்தது. தைச்சுங் நகரத்துக் கடை ஒன்றும் தைனான் நகரத்துக் கடை ஒன்றும் நான்தான் முதலில் செய்தேன், நான்தான் முதலில் செய்தேன் என்று பத்து வருஷம் கோர்ட்டில் நின்றன. இது யாரும் போடக்கூடிய பானம், யார் முதல் என்று முடிவு செய்யத் தேவையில்லை என்று 2019இல் தீர்ப்பாயிற்று. நம்ம ஊர் வரப்புத் தகராறு தோற்றது போங்கள்.

கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். நம் பக்கம் அது ஜவ்வரிசியானதற்கு இரண்டாம் உலகப் போர் காரணம். மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்று போக, சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலாயாவில் தொழில் தெரிந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கி வைத்தார். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் ஒரு பிடி போடுகிறோம்; மகாராஷ்டிரத்தில் விரத நாளென்றால் அதில்தான் கிச்சடி.

இனி விவசாயி பக்கம் வருகிறேன். குச்சிக்கிழங்கு பத்து மாதப் பயிர். ஆலையில் விலை, எடைக்கு மட்டுமல்ல. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். பாயிண்ட் குறைந்தால் வண்டி வாடகை, வெட்டுக்கூலி போக மிஞ்சுவது சொற்பம். இதற்கு நடுவில் 2020இல் கேரளத்தில் தென்பட்ட மாவுப்பூச்சி, நாமக்கல், சேலம், ஈரோடு என்று இறங்கிவிட்டது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். குளவி வந்து பயிரைக் காப்பாற்றுகிறது. விலையைக் காப்பாற்றக் குளவி கிடையாதே!

ஜவ்வரிசியில் இன்னொரு தொல்லை. சந்தையில் வெள்ளையாக இருந்தால்தான் நல்ல விலை. அந்த வெள்ளைக்காக ரசாயனம் போடுவதும், மக்காச்சோள மாவு கலப்பதும், அதிகாரிகள் சோதனை போடுவதும் பல வருஷக் கதை. ஆனால் பபிள் டீ உருண்டைக்கு வெள்ளையே வேண்டாம்! கறுப்பாக இருந்தால்தான் அழகு. மரவள்ளி ஸ்டார்ச்சில் கொதிக்கிற சர்க்கரைப் பாகை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, அரைமணி நேரம் போல வேகவைத்துப் பாகில் ஊறப் போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தை. சில மணி நேரத்தில் இறுகிவிடுவதால் பப்ஸ் மாதிரியே அன்றன்றைக்கு வேகவைக்க வேண்டும்.

சர்க்கரைக்கு எங்கே போவது? பக்கத்தில் கவுந்தப்பாடி இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் நாட்டுச்சர்க்கரை போகிறது. டீத்தூள் நீலகிரியில். பாலுக்குக் குறைவில்லை. ஆற்றுக்கு இந்தக் கரையிலும் குமாரபாளையத்துக் கரையிலும் கிழங்கு. டம்ளரில் உள்ள அத்தனையும் நம் சுற்றுவட்டாரத்தில் விளைகிறது. உருண்டை மட்டும் கப்பலேறி வருகிறது.

இதில் கோடி கோடியாகக் கொட்டும் என்று சொல்ல நான் வரவில்லை. பபிள் டீ நாளைக்கே மவுசு குறையலாம். பேத்திக்கே இன்னும் ஆறு மாதத்தில் வேறெதாவது பிடிக்கும். ஆனாலும் ஆலைக்காரர் சொல்லும் பாயிண்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத பயிருக்கு இரண்டாவது வாசல் ஒன்று திறந்தால் நல்லதுதானே?

அதனால் ஒரு கோரிக்கை. சேகோ ஆலை வைத்திருக்கும் நண்பர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பேக்கரி நடத்துகிறவர் இருவர் பந்தி வேலையில் இருக்கிறார்கள், நானே பார்த்தேன். வேதியியல் துறையில் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏதோ ஒரு தலைப்பில் செய்முறைத் திட்டம் செய்கிறார்கள். இந்த வருஷம் அதில் ஒன்று இதுவாக இருக்கட்டும். நம் ஸ்டார்ச்சும் நாட்டுச்சர்க்கரையும் எந்த அளவில் சேர்ந்தால் உருண்டை கரையாமல் நிற்கும், காயவைத்துப் பாக்கெட் போட்டால் எத்தனை நாள் தாங்கும், கிலோவுக்கு அடக்கம் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். செலவுக்குச் சங்க நிதியில் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். கிழங்கு ஒரு மூட்டை நான் தருகிறேன். சாப்பாடு முடிந்ததும் வேதியியல் ஆய்வகத்து வராந்தாவில் நிற்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் வாருங்கள். பேராசிரியர் அவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.