கார் மைலேஜும் விரிதாள் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவது மரபு. எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருளோ, ஒரு கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைக் கணிப்பொறியின் விரிதாளில் எழுதிப் பார்ப்பது பற்றியது. சிலம்பொலி கேட்ட செவியில் பெட்ரோல் வாடையா வீசுவது என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆனால் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின்பு, நம்மவருள் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில் என்று ஆகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலை நம்பியே பல குடும்பங்களில் உலை கொதிக்கிறது. ரயில் நேரம் ஒத்துவராதவர் நால்வர் ஐவராகச் சேர்ந்து காரில் செல்கின்றனர். அப்படிச் செல்வோருக்குப் பெட்ரோல் கணக்கு என்பது வீட்டுக் கணக்கே.

நானும் அத்தகைய நால்வருள் ஒருவனாக இருந்தேன். வண்டி எங்களுள் ஒருவருடையது. ஓட்டுபவர் நம் லைனைச் சேர்ந்த இளைஞர். பெட்ரோல் போடுவதும் ரசீது கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. ரசீதுகளை விரிதாளில் ஏற்றுவது என் பொறுப்பு. ஒரு மாதம் கணக்கைப் பார்த்தபோது ஒரு வரியில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வந்து நின்றது. வழக்கமாகப் பதினெட்டு, பத்தொன்பது ஓடும் வண்டி அது. பெட்ரோல் எங்கே போயிற்று? ஒருவர் வாய்விட்டே கேட்டார். மற்றவர் பார்வையால் கேட்டனர். அந்தத் தம்பியின் முகம் சுண்டிப்போனது. நானோ தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீதிபதியைப் போல் நின்றேன்.

அவர் ஒன்றே சொன்னார்: “அண்ணா, அதற்கு முந்தின வரியையும் பாருங்கள்.”

பார்த்தேன். மீட்டர் 48,200 காட்டியபோது டேங்க் நிறைய நிரப்பியிருந்தார். 48,620இல் கையில் பணம் போதாமையால் 10 லிட்டர் மட்டும் போட்டிருந்தார். 48,800இல் மறுபடியும் நிறைய நிரப்ப, 22 லிட்டர் பிடித்திருந்தது. என் சூத்திரம் வரிக்கு வரி வகுத்திருந்தது. 420 கிலோமீட்டரைப் பத்து லிட்டரால் வகுக்க, 42. அடுத்த 180 கிலோமீட்டரை 22 லிட்டரால் வகுக்க, எட்டு சொச்சம். உண்மையில் நிறைவுக்கும் நிறைவுக்கும் இடையே ஓடியது 600 கிலோமீட்டர். செலவானது 32 லிட்டர். லிட்டருக்கு 18.75. வழக்கமான அளவேதான்! ஒரு சொட்டும் எங்கும் போகவில்லை. 42 என்ற எண் தாளில் இருந்தபோது நால்வருள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 8 என்ற எண் வந்ததும்தான் திறந்தோம். அந்தத் தம்பியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் அந்தப் பார்வைகளை அவர் மறக்கச் சில மாதங்கள் ஆயின.

ஆகவே முதல் விதி இது: நிறைவிலிருந்து நிறைவுக்குத்தான் கணக்கு. இடையிலே அரைகுறையாகப் போட்ட லிட்டரை அடுத்த நிறைவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அதனைத் தனியே வகுக்கலாகாது. தொடக்கத்தில் நிரப்பிய பெட்ரோலும் கணக்கில் சேராது. ஏனெனில் அது அதற்கு முன் ஓடிய தூரத்துக்கு உரியது.

நிற்க. இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. படித்தவர்களே அதில் அதிகம் விழுகின்றனர். வரிக்கு வரி வந்த மைலேஜ்களையெல்லாம் கூட்டி, வரிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதனைச் சராசரி என்பது. விரிதாளில் ‘ஆவரேஜ்’ என்னும் சூத்திரம் ஆயத்தமாக இருப்பதால் கை தானாகவே அங்கே போகிறது. மேற்சொன்ன 42ஐயும் 8ஐயும் அப்படிச் சராசரி எடுத்தால் 25 வரும். அப்படி ஒரு மைலேஜை அந்த வண்டி பிறவியிலேயே கண்டதில்லை.

இந்தப் பிழையைத் தங்கவயல்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஒரு குவியலில் 100 டன் கல், டன்னுக்கு 10 கிராம் பொன். மற்றொரு குவியலில் 900 டன் கல், டன்னுக்கு 2 கிராம் பொன். சராசரித் தரம் என்ன? பத்தையும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி ‘ஆறு’ என்று ஒருவர் சொன்னால், மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் சிரிப்பார்கள். மொத்தப் பொன் 2,800 கிராம். மொத்தக் கல் 1,000 டன். ஆகவே டன்னுக்கு 2.8 கிராம். மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதே முறை. கல்லுக்கு டன் எப்படியோ, காருக்கு லிட்டர் அப்படி. நம் தாத்தாக்கள் காலத்து ஆபீஸ் பேரேடுகளில் இருந்த அதே கணக்குத்தான் இது. பொன் போய்ப் பெட்ரோல் வந்திருக்கிறது.

இனி விரிதாளுக்கு வருவோம். 1978இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்ளின் என்பவர், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்த தொல்லையைக் கண்டு, இதனைக் கற்பனை செய்தார். நண்பர் பாப் பிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் ‘விசிகால்க்’ என்ற பெயரில் வெளியிட்டார். இன்று எக்செல் ஆயினும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ஆயினும், அடிப்படை அதுவே.

முதல் வரியில் தலைப்புகள். ஏ நிரலில் தேதி, பியில் மீட்டர் எண், சியில் லிட்டர், டியில் ‘நிறைந்ததா’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை, இயில் ரூபாய். இரண்டாம் வரியில் முதல் நிறைவு. மூன்றாம் வரியின் எஃப் கட்டத்தில் இப்படி எழுதுங்கள். கணிப்பொறியில் இந்த எழுத்துகளை ஆங்கிலத்தில் இட வேண்டும்:

=(பி3-பி$2)/சம்(சி$3:சி3)

இதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் ஒவ்வொரு வரிக்கும் அதுவரை உள்ள மொத்தச் சராசரி கிடைக்கும். டாலர் குறியைப் பார்த்துப் பணமோ என்று மருள வேண்டாம். அது ஆணி. எண்ணின் முன் அதனை அடித்துவிட்டால் இழுக்கும்போது அந்த வரி நகராது, மற்றது நகரும். டி நிரலில் ‘ஆம்’ உள்ள வரியின் விடையை மட்டுமே நம்ப வேண்டும். எங்கள் மூன்று வரிகளை இட்டுப் பாருங்கள். நான்காம் வரியில் 18.75 வந்து நிற்கும்.

‘நிறைவு’ என்பதும் பங்குக்குப் பங்கு சிறிது மாறும். குழாய் தானாக நிற்கும் முதல் நிறுத்தத்தோடு நிறுத்திக்கொள்வதும், கூடியவரை ஒரே பங்கில் போடுவதும் நல்லது. அப்படியும் ஒரு லிட்டர் பிசகினால், 20 லிட்டர் கணக்கில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு. 200 லிட்டர் கணக்கில் நூற்றுக்கு அரைப் பங்கு. எனவே ஒரு வரியைக் கண்டு எவர்மீதும் ஐயங்கொள்வது தகாது. பத்து வரி சேரட்டும்.

மற்றொன்று. மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் ‘மைலேஜ்’ என்ற சொல்லை நாம் விடவில்லை, போகட்டும். ஐரோப்பாவிலோ 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கின்றனர். செலவைப் பங்கிடுவோருக்கு அதுவே வசதி. லிட்டருக்குப் பத்து ஓடும் பழைய வண்டியைப் பழுதுபார்த்துப் பன்னிரண்டாக்கினால், 1,000 கிலோமீட்டரில் ஏறத்தாழ 17 லிட்டர் மிச்சம். இருபது ஓடும் வண்டியை இருபத்தைந்தாக்கினால் 10 லிட்டரே மிச்சம். ஐந்தைவிட இரண்டு பெரிதாகிறது! அமெரிக்காவில் லாரிக், சோல் என்னும் இரு அறிஞர் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில், இந்த அளவை மக்களை எவ்வாறு ஏமாற்றுகிறது என்பதை ஆராய்ந்து எழுதினர். காலனியில் பழைய வண்டி வைத்திருப்போர் இதனை மனத்தில் கொள்ளுதல் நலம்.

எங்கள் விரிதாளை இப்பொழுது எழுதி வருபவர் அந்த ஓட்டுநர் தம்பியே. ஜி என்னும் நிரலொன்றைச் சேர்த்து, ‘டயர் காற்று’, ‘ஏசி’, ‘ஓசூர் சுற்று’ என்று குறிப்பும் எழுதுகிறார். மாதக் கடைசியில் கணக்குக் கேட்பவரும் அவர்தான். பங்கு கொடுக்கத் தாமதிப்பவர் நாங்கள்.

அவ்விரிதாளின் வெற்றுப் படிவத்தை விரும்புவோர், வரும் ஞாயிறன்று காலை சங்க வாசகசாலைக்கு வாருங்கள். அவரும் நானும் அங்கிருப்போம். டேங்கை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் அன்றே இரண்டாம் வரியை எழுதிவிடலாம்.