ஏரிக்கரையைக் காப்போம்

(ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் நாம், வருகின்ற மழையைத் தாங்க வேண்டிய கரையை ஒருமுறையேனும் நடந்து பார்த்தோமா? இந்த ஒரு கேள்வியைத் தங்கள் முன் வைக்கவே இன்று வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ள ஒருசில வகை அணைகளுக்குமே பொருந்தும். நமது சிற்றேரிகளின் கரைகள் அந்த உயரத்தை எட்டுவதில்லை. ஆகவே, அச்சட்டம் விதிக்கும் கண்காணிப்பு நம் கரைக்குக் கிடையாது. நம் கண்களே கண்காணிப்பு.

ஏரி சிறியது, ஆபத்தும் சிறியதுதானே என்று எண்ணுதல் தவறு. நமது ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலி போல் அமைந்தவை. மேலேரி உடைந்தால், அந்த வெள்ளம் முழுவதும் ஒரே சமயத்தில் கீழேரியில் வந்து மோதும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்து, ஊர்கள் நீரில் மூழ்கின. அத்தகைய பெருமழையைத் தடுப்பது நம் கையில் இல்லை. ஆனால், சாதாரண மழைக்கே ஒரு கரை உடையுமானால், அதற்குக் காரணம் மழையன்று; நமது கவனக்குறைவே.

மண் கரை மூன்று வழிகளில் அழிகிறது. முதலாவது, நீர் கரைமேல் ஏறி வழிவது. கல்லணை தன் மேல் நீர் வழிந்தாலும் தாங்கும். மண் கரை தாங்காது. பின்சரிவு அரிக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் கரை அறுந்துவிடும். இரண்டாவது, கரையின் உள்ளே நீர் வழி தேடிக்கொள்வது. நண்டு வளை, எலி வளை, கரையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய துவாரம், மதகுச் சுவரை ஒட்டிய இடுக்கு ஆகியவை அந்த நீருக்கு வாயில்கள். மூன்றாவது, ஊறிப்போன சரிவு பெயர்ந்து சரிவது.

இரண்டாவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மகாராஷ்டிர மாநிலம் ரத்தினகிரி மாவட்டத்துத் திவரே என்னும் சிற்றூரின் மண் அணை, 2019-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் இரவு உடைந்து, பதினைந்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அணையில் நீர் கசிவதை முன்னரே கண்டு தெரிவித்திருந்ததாக அவ்வூர் மக்கள் கூறினர். கசிவு என்பது கரை நமக்கு எழுதும் கடிதம். அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாகாது.

இனி, என் அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது எனக்குப் பெருமை தருவதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒன்றியத்தில் பணியாற்றியபோது, செப்டம்பர் மாதத்தில் ஓர் ஏரியைப் பார்வையிடச் சென்றேன். கலங்கலின் மேல் ஒன்றரை அடி உயரத்திற்கு மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். “ஐயா, இரண்டு வருஷமாக வறட்சி. இந்த ஒன்றரை அடித் தண்ணீர்தான் எங்கள் இரண்டாம் போகம்” என்றார் ஆயக்கட்டு விவசாயி ஒருவர். அவர் சொன்னது பொய்யன்று. கடுமையாகப் பேசி அவர்களுடைய மனவருத்தத்தைத் தேடிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. “மழை பலத்தால் எடுத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு நள்ளிரவில் மழை பலத்தது. கலங்கலில் பாய்ந்த வெள்ளத்தில் இறங்கி மூட்டையைத் தொட எவராலும் இயலவில்லை. வண்டித்தடம் கரையைக் கடக்குமிடத்தில் கரை ஓர் அடி தாழ்ந்திருந்தது. நீர் அவ்விடத்தில் ஏறியது. விடிவதற்குள் கரை அறுந்தது. முதிய நீர்க்கட்டி ஒருவர் தெருத்தெருவாக ஓடிக் கதவைத் தட்டி எழுப்பியதால் மனித உயிர்கள் பிழைத்தன. ஆனால், கொட்டிலில் கட்டியிருந்த மாடுகள் போயின. வயல்களில் மணல் மேடிட்டது. ஒன்றரை அடித் தண்ணீருக்கு ஆசைப்பட்டோம். ஏரித் தண்ணீர் முழுவதையும் இழந்தோம். அன்று ‘நல்ல அதிகாரி’ என்று பெயரெடுக்க நான் காட்டிய தயவு, அந்த ஊருக்குச் செய்த தீங்காயிற்று.

இதன் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். கலங்கலின் மேல் 2 அடி உயரத்திற்கு வழிந்தோடும் நீரின் அளவில் பாதி, 1 அடி உயரத்தில் ஓடும் என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சிறிது அதிகமே ஓடும். ஆகவே, கலங்கலை ஓர் அடி உயர்த்துகிறவர் வெள்ளம் போகும் வாயிலைப் பாதிக்கு மேல் அடைத்துவிடுகிறார். அதிக நீர் வேண்டுமென்றால் ஏரியின் உள்வாயில் வண்டலை எடுத்து ஆழப்படுத்துவோம், வரத்துக்காலைச் செப்பனிடுவோம். கலங்கலின் உயரத்தைப் பொறியாளரின் மதிப்பீடும் அனுமதியும் இன்றி ஓர் அங்குலமும் மாற்ற வேண்டாம்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை பல. ஆனால், பெரும்பாலானவற்றிற்குச் செலவு குறைவு. கரை நெடுகிலும் நடந்து தாழ்ந்த இடங்களைக் குறித்து, மண்ணிட்டு மட்டம் செய்யுங்கள். மண்ணை அரை அடிக்கு மேற்படாத அடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய பின்னரே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். பழைய கரையைப் படிப்படியாக வெட்டிப் புது மண்ணைப் பிணைக்காவிட்டால், இரண்டும் ஒட்டாது. மண் எடுக்கும் குழி கரையின் அடியில் இருத்தலாகாது. அது கரையின் காலை வெட்டுவதாகும். வளைகளின் வாயை மட்டும் அடைப்பது வீண். முடிவு வரை தோண்டி, களிமண்ணிட்டு இறுக்க வேண்டும். சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு எடுத்துக் குழியை மூடுங்கள். வளர்ந்த பெருமரங்களைப் பொறியாளரைக் கேளாமல் வெட்டாதீர்கள்; வேர் உள்ளேயே மக்கித் துவாரமாகும். பின்சரிவில் புல் இருக்கட்டும். அது மழையின் அரிப்பைத் தடுக்கும். மதகின் கதவு ஏறி இறங்குகிறதா, போக்குக்கால் ஆக்கிரமிப்பின்றி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மழைக்காலத்தில் தினமும் காலையும் மாலையும் இருவர் கரையின் பின்புற அடிவாரத்தில் நடக்க வேண்டும். கசியும் நீர் தெளிவாகவும் ஒரே அளவாகவும் இருந்தால், குறித்து வைத்துக் கவனித்து வாருங்கள். கலங்கலாகவோ நாளுக்கு நாள் அதிகமாகவோ வந்தால், உள்ளே மண் கரைந்து வருகிறது என்று பொருள். உடனே பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவியுங்கள். நீர் வெளிவரும் வாயைக் களிமண்ணால் அடைக்க முயலாதீர்கள். அடைபட்ட நீர் வேறிடத்தில் பிளந்துகொண்டு வரும். ஊற்றின் மேல் மணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று பரப்பினால், நீர் வெளியேறும், மண் தங்கிவிடும். சுற்றிலும் மணல் மூட்டைகளால் வட்டக் கரை கட்டினால், ஊற்றின் வேகம் தணியும். எந்த நிலையிலும் தாமாகக் கரையை வெட்டிவிடக் கூடாது. வெட்டிய வாய் நம் சொற்படி நிற்காது. கீழூர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இவை நமக்குப் புதியன அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் உறுப்பினர்களைத் தேர்ந்து ஏரி வாரியம் அமைத்ததைக் கூறுகின்றன. ஏரியைக் காக்கத் தனியொரு குழு வேண்டுமென்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் உணர்ந்திருந்தனர்.

ஆகவே என் வேண்டுகோள் இதுவே: வரும் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில், தலைமடை, கடைமடை விவசாயிகள் இருவகையாரும் இடம்பெறும் ஒரு கரைக் குழுவை அமையுங்கள். கரையில் கண்டதைத் தேதியிட்டு எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். கலங்கலில் மூட்டை இருக்குமானால், அதை எடுத்துவிட்டு அந்தச் செய்தியை முதற்பக்கத்தில் எழுதுங்கள். அதைச் சொல்லும் உறுப்பினர் சிலருடைய கோபத்திற்கு ஆளாக நேரலாம். அன்று நான் பெறத் தயங்கிய கோபம் அது. அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், ஏரி ஊருக்கு நிற்கும்.