வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வேண்டிய படிப்பு அல்ல

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது உயிரிமருத்துவத் தகவலியல். அதில் பிஎச்.டி. செய்வது பற்றிப் பேச, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பி.காம். பட்டதாரியை ஏன் அழைத்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். என் மகள் அமெரிக்காவில் இந்தப் படிப்பில் நான்காவது வருடத்தில் இருக்கிறாள். நம் குடியிருப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். இரண்டு வீட்டிலும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: "சார், ஃபிளாட்டை வைத்து எவ்வளவு கடன் கிடைக்கும்?" அதைக் கேட்ட பிறகுதான் பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் படிப்பைப் பற்றி. உங்கள் சர்க்கரை அளவு இங்கே லேப் ரிப்போர்ட்டில் 180 என்று வருகிறது. அதே ரத்தத்தை லண்டனில் பரிசோதித்தால் 10 என்று வரும். இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், அங்கே லிட்டருக்கு மில்லிமோல். டாக்டருக்கு இது தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது, சராசரி போடச் சொன்னால் 95 என்று கூசாமல் சொல்லும். வங்கியில் கிளைக்குக் கிளை ஒரு கணக்குத் தலைப்பு வைத்திருந்தால் பேலன்ஸ் ஷீட் என்ன கதியாகும்? அதனால்தான் பரிசோதனைகளுக்கு ஒரே சீரான குறியீடு கொடுக்க 'லோயிங்க்' என்ற முறையை 1994இல் இண்டியானாபொலிஸில் தொடங்கினார்கள். மருத்துவமனைப் பதிவு, ஸ்கேன் படம், மரபணு வரிசை எல்லாவற்றையும் நம்பத்தக்க கணக்காக்கி, அதிலிருந்து சிகிச்சைக்கு உதவும் பதிலை எடுப்பதுதான் இந்தத் துறை.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஸியாட் ஓபர்மேயர் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்கும் மென்பொருள் ஒன்று, நோயின் தீவிரத்தை அளக்காமல் மருத்துவச் செலவை அளந்துகொண்டிருந்தது. கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்குச் செலவிடப்பட்ட தொகை குறைவு. செலவு குறைவு, எனவே நோயும் குறைவு என்று அது முடிவுகட்டியது. உண்மையில் அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிட அவர்கள் அதிகம் நோயுற்றிருந்தார்கள். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எடுத்த தலைப்பே தவறு. இதைப் படித்தபோது இது நம்ம சப்ஜெக்டாயிற்றே என்று தோன்றியது.

நல்ல மென்பொருள் எழுதினால் மட்டும் போதாது என்பதும் இதில் உண்டு. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் தன் ஆய்வுக்காக 'மைசின்' என்ற நிரலை உருவாக்கினார். ரத்தத்தில் பரவும் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும். பேராசிரியர்களுக்கு ஈடாகச் சொன்னது. ஆனால் வார்டுக்குள் அது போகவே இல்லை. விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க எந்த டாக்டருக்கு நேரம்?

இனி பணம். அமெரிக்காவில் இத்துறையின் நல்ல பிஎச்.டி. இடங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடி. மாதாமாதம் உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் உண்டு. பதிலுக்கு ஆய்வகத்திலோ வகுப்பிலோ வேலை செய்ய வேண்டும். பி.இ., பி.டெக். முடித்தவர்களை நேரடியாகச் சேர்க்கும் துறைகளும் நிறைய. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்பது அதே பெயரில் உள்ள எம்.எஸ். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் கடனுக்கு ஓடுகிறார்கள். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதைக் கவுண்டரில் சொன்னால் பாதிப் பேர் காதில் விழாது. ஐந்தாறு வருடப் படிப்புக்கு அந்த வட்டி என்ன ஆகும் என்று பேப்பரில் போட்டுப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம், விசா, டிக்கெட், முதல் இரண்டு மாத வாடகை இவற்றுக்குக் கையிருப்பு இருந்தால் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே தேசிய மருத்துவ நூலகம் இத்துறை மாணவர்களுக்குப் பயிற்சி மானியம் தருகிறது. அது குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். நம் பிள்ளைகளுக்குப் பணம் வருவது கைடின் ஆய்வுத் திட்டத்திலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோதான். 2025இல் அரசு பல ஆய்வு மானியங்களை நிறுத்தியபோது, சில இடங்களில் சேர்க்கையையே குறைத்தார்கள். அதனால் உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு, திட்டம் நின்றால் யார் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இங்கேயே படிப்பதும் குறைவில்லை. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஐ.ஐ.டி. டெல்லி ஒரு பக்கம் இருக்கட்டும், அதே ஊரில் ஐ.ஐ.ஐ.டி.யில் கணினி உயிரியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

யாருக்குச் சரிவரும்? கம்ப்யூட்டரில் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். என் மகளின் முதல் வருடம் பெரும்பாலும் பதிவுகளைச் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. ஒரே நோயாளி இரண்டு பெயரில், பிறந்த தேதிக்கு முன்னால் அட்மிஷன் தேதி, இப்படி. வருடக்கடைசியில் சஸ்பென்ஸ் அக்கவுண்டை நேர் செய்து பழகியவர்களுக்கு அந்த அலுப்பு புரியும். அதைத் தாங்கும் பொறுமை பிள்ளைக்கு இருக்கிறதா என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கைடு எப்படிப்பட்டவர் என்பதை அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அது முக்கியம்.

லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "இன்னுமா படிக்கிறாள்?" என்று கேட்பதையும் தயவுசெய்து விடுங்கள். ஐந்து வருடம் என்பது அங்கே சாதாரணம்.

பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் டிசம்பரில் வருகிறது. இரண்டு வீட்டாரும் பிள்ளைகளோடு ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள். மகளையும் போனில் பிடித்துத் தருகிறேன். ஃபிளாட் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.