மெல்லிய உஷ்ணத்தில் வேகும் மாட்டிறைச்சி

மாட்டிறைச்சியில் ஒன்றரைக் கிலோவோ இரண்டு கிலோவோ நிறையுள்ள முழுத் துண்டம் ஒன்றை, ஸ்லோ குக்கர் என்று வழங்கும் மின்சாரப் பானையில் காலையில் இட்டு, மாலை வரையில் மெல்லிய உஷ்ணத்தில் வேகவிட்டு, அன்று உண்டது போக மிஞ்சியதை மறுநாள் சூடாக்கிப் பரிமாறும் வழக்கம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ குடும்பங்களில் வேரூன்றியிருக்கின்றது. இதைச் சோம்பேறிச் சமையல் என்று ஒதுக்குவோர் உண்டு. கலை என்று மதிக்கத்தக்க அம்சங்கள் இதில் நிரம்ப இருக்கின்றன என்பதும், அக்கலையில் கடினமான பகுதி வேகவைப்பதில் அன்று, வெந்த பின்பு செய்யவேண்டிய காரியங்களிலேயே அடங்கியிருக்கின்றது என்பதும் என் அபிப்பிராயம். அதனையே இன்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பானையின் பூர்வ சரித்திரம் யூதர்களின் அடுப்பங்கரையில் தொடங்குகின்றது. சனிக்கிழமையாகிய ஓய்வு நாளில் தீ மூட்டலாகாது என்பது அவர்களுடைய வேத விதி. ஆயினும் அந்தப் புனித நாளின் நடுப்பகலில் சூடான உணவு உண்ணவேண்டும் என்பதும் அவர்கள் போற்றிய சம்பிரதாயம். ஆகையினால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே, மாட்டிறைச்சியும் பீன்ஸ் விதைகளும் வாற்கோதுமையும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்ந்த பானையை மூடி, ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து மெல்லத் தணிந்துகொண்டிருக்கும் அவ்வடுப்பின் வெப்பத்திலேயே அது இரவெல்லாம் வெந்து மறுநாள் வீட்டுக்கு வந்து சேரும். சோலெண்ட் என்பது அவ்வுணவின் பெயர். லிதுவேனியாவின் வில்னா நகரத்தில் இப்படிப் பானை சுமந்துசென்ற பிள்ளைப் பருவத்து நினைவுகளைத் தாயார் சொல்லக் கேட்டு வளர்ந்த இர்விங் நாக்ஸன் என்பவர், அமெரிக்காவில் எலெக்ட்ரிக் சாதனங்கள் பலவற்றைக் கண்டுபிடித்தவர். சுற்றிலும் சூடேற்றும் கம்பியமைப்புள்ள சமையற் கலம் ஒன்றுக்கு 1936இல் காப்புரிமை கோரி, 1940இல் அதனைப் பெற்றார். பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரமாகவே அது வெகுகாலம் விற்பனையாயிற்று. 1970இல் கான்ஸாஸ் நகரத்து ரைவல் கம்பெனி நாக்ஸனின் தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டிலேயே க்ராக்-பாட் என்ற பெயரில் அதனைப் புதுப்பித்து வெளியிட்டது. பெண்கள் பெருந்தொகையினராக வெளிவேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்த காலமாதலால், காலையில் இட்டுச் சென்றதை மாலையில் வெந்திருக்கக் காணும் வசதி அந்நாட்டு இல்லங்களை விரைவில் கவர்ந்துவிட்டது.

மெல்லிய உஷ்ணத்தின் ஆற்றலை மேனாட்டு விஞ்ஞானி ஒருவர் இப்பானை தோன்றுவதற்கு முன்பே தற்செயலாகக் கண்டிருக்கின்றார். ரம்ஃபர்ட் பிரபு என்று பெயர்பெற்ற பெஞ்சமின் தாம்ப்ஸன், உருளைக்கிழங்கை உலர்த்துவதற்காகத் தாம் அமைத்த யந்திரத்தில் ஆட்டின் முன்தொடை ஒன்றை இட்டு மூன்று மணி நேரம் காத்திருந்து, வேகும் குறியே காணாமையால் மனம் சலித்துச் சென்றுவிட்டார். பணிப்பெண்கள் அதனை இரவு முழுவதும் அதற்குள்ளேயே விட்டுவைத்தார்கள். காலையில் எடுத்துப் பார்த்தபோது, இறைச்சி வெந்திருந்தது மாத்திரமன்றி, அதுவரை அறியாத சுவையோடும் இருந்ததாம். இந்தச் சம்பவத்தை ஆக்ஸ்ஃபர்டு பெளதிகப் பேராசிரியரான நிக்கலஸ் குர்ட்டி மிகவும் மெச்சிப் பேசி, 2 கிலோ ஆட்டிறைச்சியை 80 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் எட்டரை மணி நேரம் வைத்துத் தாமும் பரீட்சித்துப் பார்த்தார். உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தை எய்தி, சாறு குன்றாமல் அது வெந்திருந்தது. அவசரத்தால் கிட்டாதது அவகாசத்தால் கிட்டும் என்பதற்கு இவ்விரு பரீட்சைகளும் போதிய சான்று.

காரணத்தைச் சிறிது பார்ப்போம். மாட்டின் உடம்பில் ஓயாது உழைக்கும் பாகங்கள், அதாவது நெஞ்சும் தோளும் கால்களும், கொலாஜன் என்னும் இணைப்புத் திசுவால் இறுகக் கட்டுண்டவை. விரைந்த தீயில் அந்தக் கட்டு இன்னும் இறுகுமேயன்றி இளகாது. சுமார் 60 டிகிரி தாண்டியதும் கொலாஜன் சுருங்கி, தசை நார்களைப் பிழிந்து, நீரை வெளியேற்றுகின்றது; 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் ஈரத்தோடு இருக்க நேர்ந்தால்தான் அதுவே கரைந்து ஜெலட்டினாக மாறி, உலர்ந்துபோன நார்களுக்கிடையே பரவி, வாயில் இட்டதும் வழுக்கிச் செல்லும் மென்மையைத் தருகின்றது. ஆகவே, நாலாம் மணியில் மூடியைத் திறந்து கத்தியால் குத்திப் பார்ப்பவர், கறி முன்னிலும் கடினமாகிவிட்டதென்று மனம் தளர்வது இயல்பே. அந்தக் கடினம் வழியில் வரும் ஒரு கட்டம், முடிவு அன்று. இன்னும் சில மணி நேரம் பொறுத்தால் அதே துண்டம் முள்கரண்டி பட்ட மாத்திரத்தில் பிரியும். அடிக்கடி திறந்து பார்ப்பதோ நம்மை நாமே வஞ்சித்துக்கொள்வதாகும். ஒரு முறை மூடியை எடுத்தால் இழந்த வெப்பத்தை மீட்க இருபது முப்பது நிமிஷங்கள் செல்லும். எரியும் அடுப்போடு ஒப்பிட்டால் அப்பானையின் வலிமை மிகவும் அற்பமானது என்பதை மறக்கலாகாது.

இந்த நியாயத்திலிருந்தே எந்தத் துண்டத்தை வாங்குவது என்பதும் விளங்கும். நெஞ்சுக்கறியும் தோள்பட்டைக் கறியும் முன்னங்கால் கறியும் இப்பானைக்கு உரியவை. அவை விலையிலும் மலிவு. கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைந்த பின்தொடைக் கறி, பார்வைக்கு அழகாகவும் விலைக்கு உயர்வாகவும் இருப்பினும், எட்டு மணி நேரத்தில் கரைவதற்கு அதில் யாதொன்றும் இல்லாமையால், உலர்ந்த நாராகவே வந்து சேரும். அதனை இப்பானையில் இடுவது பொருளையும் பொழுதையும் வீணாக்குவதே என்று நான் தயங்காமல் சொல்வேன். நம் ஊர்க் கறிக்கடைகளில் சிறு துண்டுகளாக நறுக்கித் தருவதே வழக்கமாதலால், முழுத் துண்டம் விரும்புவோர் முதல் நாளே சொல்லிவைப்பது நலம்.

செய்முறை சுருக்கமானது. முதல் நாள் இரவே உப்புத் தடவி வைத்த துண்டத்தின் ஈரத்தை நன்கு துடைத்து, கனத்த இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும், எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பாகும்படி புரட்டி எடுக்கவேண்டும். நீர் கொதிக்கும் உஷ்ணத்தைத் தாண்டாத பானைக்குள் அந்த நிறமும் மணமும் ஒருநாளும் உண்டாகா. இந்த ஒரு சிரமத்தையும் வேண்டாமென்று தள்ளுவோர், வெந்த கறியைப் பெறுவார்கள், வறுவலின் ருசியைப் பெறமாட்டார்கள். கேரட், உருளைக்கிழங்கு போன்றவை இங்கே இறைச்சியைவிடத் தாமதமாக வேகுமாதலால், அவற்றை அடியிலும் ஓரத்திலும் பரப்பி, அவற்றின்மேல் கறியை அமர்த்தவேண்டும். ஆவி வெளியேறாமல் மூடியில் பட்டு மீண்டும் உள்ளேயே சொட்டுவதால், அரை டம்ளர் அல்லது ஒரு டம்ளர் நீரோ எலும்புச் சாறோ போதுமானது. உறைந்த இறைச்சியை அப்படியே இடக்கூடாது. குளிர்ப்பெட்டியில் வைத்தே முழுவதும் இளகச்செய்து பின்பு இடவேண்டும். தாழ்ந்த நிலையில் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம், உயர்ந்த நிலையில் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. பானைகள் பெரும்பாலானவற்றில் இரண்டு நிலைகளும் இறுதியில் எட்டும் உஷ்ணம் ஒன்றே. எட்டுவதற்குப் பிடிக்கும் காலத்தில்தான் வித்தியாசம். சோலெண்ட் செய்ய எண்ணிச் சிவப்பு ராஜ்மா சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஊறவைத்த அதன் நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பின்பே பானையில் இடவேண்டும். பச்சை விதையிலுள்ள நஞ்சு மெல்லிய உஷ்ணத்தில் அழிவதில்லை.

இனி, வெந்ததற்குப் பிற்பட்ட கதைக்கு வருகிறேன். நேயர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. வேகவைக்கும்போது நமக்கு உதவிய மந்தகதி, ஆறவைக்கும்போதும் மறுபடி சூடாக்கும்போதும் நமக்குச் சத்துருவாகிவிடுகின்றது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்று ஒரு கிருமி உண்டு. மண்ணிலும் பிராணிகளின் குடலிலும் வாழும் அதன் வித்துக்கள், நீண்ட நேரச் சமையலையும் தாங்கி உயிர்த்திருக்க வல்லவை. பிராணவாயு இல்லாத இடமே அவற்றுக்கு உகந்த இடமாதலால், வெந்து ஆறிக்கொண்டிருக்கும் பெரிய கறித்துண்டின் நடுப்பாகம் அவற்றுக்கு மிகவும் வாய்ப்பான நிலமாக அமைகின்றது. 43 முதல் 47 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில், ஏறத்தாழப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அக்கிருமிகள் இரட்டிப்பாகும். லண்டனில் பொதுச் சுகாதார ஆராய்ச்சி செய்த பெட்டி ஹாப்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1953இல் வெளியிட்ட கட்டுரை, முன்தினம் சமைத்து மெல்ல ஆறவிட்டு மறுநாள் பரிமாறிய இறைச்சியே இந்நோய்க்கு நிலைக்களம் என்பதைத் தெளிவுபடுத்திற்று. வயிற்று வலியும் பேதியும் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் தோன்றும்.

ஆகையினால், பானையை அணைத்துவிட்டு அதிலேயே இரவெல்லாம் கறியை விட்டுவைப்பது பெருந்தவறு. அதன் தடித்த மண்கலம் சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அதை அப்படியே குளிர்ப்பெட்டிக்குள் தூக்கி வைத்தாலும் நடுவிலுள்ள கறி விரைவில் ஆறாது. உண்டு முடிந்தவுடன் மிஞ்சிய துண்டத்தை வெளியே எடுத்து, இரண்டு மூன்று பாகமாகப் பிரித்து, அகன்ற ஆழமில்லாத பாத்திரங்களில் சாற்றோடு வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். நாம் வெளியே சென்றிருந்த பொழுதில் மின்சாரம் நின்றுபோய், எவ்வளவு நேரம் நின்றதென்று அறிய இயலாவிட்டால், கறி வெந்ததாகத் தோன்றினாலும் அதனைக் கழித்துவிடுவதே விவேகம்.

குளிர்ந்த கறியில் ஒரு பெரும் நன்மையும் இருக்கின்றது. சுடச்சுட வெட்டினால் உதிர்ந்துபோகும் நெஞ்சுக்கறி, ஜெலட்டின் உறைந்த மறுநாளில், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கத்தியை இழுத்தால் மெல்லிய சீரான வில்லைகளாக வரும். சாற்றின்மேல் உறைந்த கொழுப்பை முழுத் தகடாக எடுத்துவிடலாம். நேற்று வைத்த மீன்குழம்பு இன்று கூடுதலாக ருசிப்பதை அறிந்த நமக்கு, சாற்றில் ஊறிய இந்த இறைச்சியும் இரண்டாம் நாளில் சுவையில் உயர்வதைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்த உயர்வு சாற்றோடு கிடந்த கறிக்கே உரியது. சாறின்றித் திறந்து வைத்த கறியை மறுநாள் சூடாக்கினால், பழைய அட்டையை நினைவூட்டும் ஒரு சலித்த வாடை அதில் வீசும். டிம்ஸ், வாட்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1958இல் இவ்வாடையை ஆராய்ந்து எழுதினார்கள். வெந்த தசையினின்று விடுபடும் இரும்புச் சத்து, கொழுப்பின் ஒரு பகுதியைப் பிராணவாயுவோடு சேர்த்துக் கெடுத்துவிடுவதே அதற்குக் காரணம். காற்றுப் படாமல் சாற்றில் மூழ்கடித்து வைப்பதே அதனைத் தடுக்கும் எளிய உபாயம்.

மறுபடி சூடாக்கும் முறை இது. அகன்ற வாணலியில் சாற்றை மாத்திரம் முதலில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வில்லைகளை அதில் ஒரே அடுக்காகப் பரப்பி மூடி, தீயைத் தணித்து, நடுப்பாகம் 75 டிகிரியை எட்டும் வரையில் வைத்து உடனே பரிமாறவேண்டும். மெல்லிய வில்லைகளுக்குச் சில நிமிஷங்களே செல்லும். முழுத் துண்டத்தைச் சூடாக்க முயன்றால், உட்புறம் சூடாவதற்குள் வெளிப்புறம் உலர்ந்துவிடும். ஸ்லோ குக்கரையே இக்காரியத்துக்குப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது என்பதே என் விடை. குளிர்ந்த உணவு கிருமிகள் விரும்பும் உஷ்ணத்தைக் கடந்துசெல்ல அதில் பல மணி நேரம் ஆகும். அடுப்பில் சூடாக்கிய கறியை விருந்தினர் வரும்வரை சூடாகவே வைத்திருப்பதற்கு வேண்டுமானால் அப்பானை நன்கு உதவும். ஒரு முறை சூடாக்கியதில் மிஞ்சியதை மீண்டும் சூடாக்கலாகாது. எவ்வளவு தேவையோ அவ்வளவை மாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். குளிர்ப்பெட்டியில் மூன்று அல்லது நான்கு நாள் வரையில் சூடாக்காத கறி கெடாதிருக்கும்.

உழைத்து இறுகிய மலிவான தசையிலிருந்து இத்தகைய பக்குவத்தை, பக்கத்தில் நின்று காவல் காக்காமலே பெறுவதற்கு இதைவிடச் சிறந்த சாதனம் சாமானியக் குடும்பத்துக்கு வேறு இல்லை என்பது என் தீர்ப்பு. இந்தப் பானையை வாங்க எண்ணும் நேயர்கள், அதனோடு இறைச்சியில் செருகிப் பார்க்கும் உஷ்ணமானி ஒன்றையும் மறவாமல் வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பானையை உபயோகிக்கும் நாளைவிட, மிஞ்சியதைச் சூடாக்கும் நாளில் உஷ்ணமானியின் உதவி அதிகமாக வேண்டியிருக்கும்.